கிரேனைப் பூட்டிய கை

7

வாலுக்கு உயரம் என்றாலே ஆகாது. ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டுவதற்குக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட்டு, "கெட்டியா பிடிங்க, என் உசுரு உங்க கையில" என்று சொல்கிற பிறவி. அப்பேர்ப்பட்டவனைக் கிரேன் ஓட்டக் கற்றுத்தருகிற மைதானத்துக்கு இழுத்து வந்திருக்கிறார் டீச்சர். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

நல்ல வேளை, கிரேன் நிற்கவில்லை. விழுந்து கிடந்தது.

நல்ல வேளை என்று நினைத்த மறுகணமே வாலுக்குத் தன் வாயில் தானே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முந்தாநாள் அந்தக் கிரேன் விழுந்ததில் ஒரு மனிதர் செத்துப்போயிருந்தார்.

டீச்சர் என்றால் நிஜமாகவே டீச்சர்தான். கணக்கு டீச்சர். பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவர்களைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கண்ணை, ஓய்வு பெற்ற பிறகு வீணாக்க மனசில்லாமல் துப்பறியக் கிளம்பியவர். அவரிடம் அதிகமாக மாட்டியவன் வால். எந்தெந்த வழியில் திருட்டுத்தனம் செய்யலாம் என்று தெரிந்த ஒருவன் கூட இருந்தால் நல்லது என்று அவனையே உதவிக்கு வைத்துக்கொண்டார்.

காலையில் அவர் வீட்டுக்கு ஒரு தையல்காரி வந்தாள். அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தையல் மிஷினை மிதித்தே வளர்த்து ஆளாக்கியவள். தம்பி இந்த மைதானத்தில் கிரேன் பழகிக்கொண்டிருந்தான். ஒல்லி, உயரம், ஊரே அவனை ஒட்டடை என்றுதான் கூப்பிடும். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டி வழிசொல்லும் சிக்னல்காரர் ஒருவருக்கும் அவளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. செத்துப்போனது அந்தச் சிக்னல்காரர்தான். அவரைக் கொன்றது ஒட்டடையின் அஜாக்கிரதைதான் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"அவரு போயிட்டாருங்க டீச்சர். இப்ப என் தம்பிதான் அவரக் கொன்னான்னு சொல்றாங்க. அவன் தப்பு பண்ணலன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவன் மேல கோவப்படறதுக்கு என் உடம்புல தெம்பு இல்ல" என்று அவள் சொன்னபோது, வாலுக்கு வாயில் ஒரு நக்கலும் வரவில்லை. அவன் சரித்திரத்தில் அது அபூர்வம்.

சாயங்காலம் மேனேஜர் வருவார். விசாரணை என்று ஒன்று நடக்கும். அது முடிந்ததும், ஸ்டோர் ரூமில் அடைத்து வைத்திருக்கும் ஒட்டடையைப் போலீசிடம் ஒப்படைத்துவிடுவார்கள். அதற்குள் எதையாவது கண்டுபிடித்தால் உண்டு.

மைதானத்தில் அவர்களை எதிர்கொண்டவர் பயிற்சி கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் வாத்தியார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் வாத்தியார். வீட்டுப்பாடம் மட்டும் குடுத்துடாதீங்க" என்றான் வால்.

வாத்தியார் சிரிக்கவில்லை. விழுந்து கிடந்ததைக் கையால் காட்டினார். சக்கரங்களில் உருண்டு வந்து, நின்ற இடத்தில் கால்களை ஊன்றி, மடக்கி வைத்த கோபுரத்தை நிமிர்த்தி, நீளமான கையை விரித்து நிற்கிற வகை கிரேன். ஓட்டுகிறவன் மேலே ஏற வேண்டியதில்லை. கீழே நின்றபடியே இடுப்பில் மாட்டிய ரிமோட் பெட்டியால் ஓட்டலாம். முந்தாநாள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆளே இல்லாதபோது, காற்றடித்துச் சாய்ந்தது. ஓரத்துக் கொட்டகையில் கண்ணயர்ந்திருந்த சிக்னல்காரர் மேல் அதன் கை விழுந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னால கடைசியா ஓட்டினது ஒட்டடை" என்றார் வாத்தியார். "அந்தக் கை சுத்தாம பிடிக்கறதுக்கு ஒரு பிரேக் இருக்கு. அதப் பூட்டிட்டுப் போயிட்டான்."

"பூட்டினா நல்லதுதானே? நான் சைக்கிளக்கூட பூட்டித்தான் வெப்பேன். அப்பவும் காணாப் போச்சுங்கறது வேற கதை" என்றான் வால்.

"அங்கதான் தம்பி எல்லாரும் ஏமாறுவாங்க." வாத்தியாருக்குப் பாடம் என்றதும் கொஞ்சம் உயிர் வந்தது. "காத்துல குடை பிடிச்சிருக்கியா? காத்து வர்ற பக்கம் குடையத் திருப்பிக்கிட்டா ஒண்ணும் ஆகாது. திருப்ப மாட்டேன்னு விறைப்பா பக்கவாட்டுல பிடிச்சேன்னு வையி, குடையோட சேந்து நீயும் போவ. இதுவும் அப்படித்தான். ஆளில்லாம விட்டுட்டுப் போறப்ப பிரேக்கத் திறந்துதான் விடணும். கை காத்தோட காத்தா சுத்திக்கும். பூட்டினா மொத்தக் காத்தையும் நெஞ்சுல வாங்கி சாஞ்சுடும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார் டீச்சர்.

"கிரேன் ஓட்டப் பழகறவங்களுக்கு மொதல் பாடமே இதுதான். கோபுரமில்லாத சாதா லாரி கிரேன் ஓட்டிட்டு இங்க வர்றவங்களுக்குத்தான் மண்டையில ஏத்தறதுக்குள்ள என் தாவு தீர்ந்துடும். அதுலேருந்து எறங்கினா கையப் பூட்டியே ஆகணும். ஊறிப்போன பழக்கம், விடாது."

"ஒட்டடை லாரி கிரேன் ஓட்டியிருக்கானா?"

"இல்ல. புதுப் பையன்."

"அப்ப அந்தப் பழக்கம் அவனுக்கு எங்கேருந்து வரும்?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். "பயத்துல பூட்டியிருப்பான்."

"அவனுக்கப்புறம் வேற யாராவது வந்து பூட்டியிருக்கலாமே?"

"முடியாதுங்க. ரிமோட்டுக்குச் சாவி போட்டாதான் பிரேக் வேலை செய்யும். ரிமோட் கொட்டகையில தொங்கிச்சு. சாவி என் பேன்ட் பாக்கெட்ல இருந்துச்சு. சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பாக்கெட்ட விட்டு வெளிய எடுக்கல." அடித்துச் சொன்னார்.

"சாவிய நான் பாக்கலாமா?"

வகுப்பறை வாசல் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார். சாவி என்னவோ சுண்டுவிரல் நீளம்தான். அதோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த மரக்கட்டை செங்கல்லுக்குத் தம்பி மாதிரி இருந்தது. மறந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி செய்த ஏற்பாடு.

டீச்சர் அதை அவரிடமே திருப்பி நீட்டினார். "பாக்கெட்ல வெச்சுக் காட்டுங்க."

வாத்தியார் வாங்கினார். பாக்கெட்டின் வாயில் கட்டையின் ஒரு முனையைச் செருகினார். மறு முனையைச் செருகினார். பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டது.

"விடுங்க சார், தையல்காரிகிட்டதான் குடுக்கணும். அவங்க தம்பிய வேற நீங்க உள்ள வெச்சிருக்கீங்க" என்றான் வால்.

"கையில வெச்சிருந்தேன்னு சொல்ல வந்தேன்" என்றார் வாத்தியார், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல.

"கையில இதப் பிடிச்சுக்கிட்டு எப்படி சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டீச்சர் மைதானத்துக்குள் நடந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவரிடம் இலையைப் பற்றி அதற்கு மேல் பேச்சு எதற்கு?

கிரேன் நின்றிருந்த இடத்தில் சிமெண்டுத் தளம். வால் அன்றைக்கென்று பார்த்து வெள்ளை ஷூ வாங்கிப் போட்டிருந்தான். தளத்தில் நாலடி வைத்ததும் வழுக்கி, சமாளித்து நின்று, காலைத் தூக்கிப் பார்த்தான். கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய்.

"போச்சு டீச்சர். இன்னைக்குத்தான் பெட்டியப் பிரிச்சேன்."

"அசையாத."

"கால எங்கயாவது வெக்கணுமே."

"வெச்ச இடத்துலயே வெச்சுக்கோ. வால், உன் வாழ்நாள்ல மொத மொறையா சரியான இடத்துல காலை வெச்சிருக்க."

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதை வாத்தியாரே சொன்னார். அன்று காலைப் பாடம், கிரேனின் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் பூசுவது. ஒட்டடை தாராளமாகப் பூசித் தள்ளிவிட்டான். கல்யாணப் பெண்ணுக்கா எண்ணெய் தடவுகிறாய் என்று அவர் திட்டினாராம். வெயில் ஏற ஏறக் கயிற்றிலிருந்து கொக்கி வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்ததாம்.

"வேலை நடக்கறப்ப கொக்கி இவ்வளவு கிட்ட வருமா?" டீச்சர் கோபுரம் நின்ற இடத்தைக் காட்டினார்.

"வராதுங்க. சுமையெல்லாம் அந்த மணல் குழிப் பக்கம்தான். வேலைய முடிச்சதும் கொக்கிய உள்ளுக்கு இழுத்து, மேல தூக்கி வெச்சுட்டுப் போகணும். அப்பதான் இங்க வரும்."

டீச்சர் குனிந்தார். சொட்டுச் சொட்டாக எண்ணெய், வில் போல வளைந்து கொஞ்ச தூரம் ஓடியது. ஓடி, ஓரிடத்தில் பெரிய திட்டாகத் தேங்கியிருந்தது. அந்தத் திட்டில்தான் வாலின் புது ஷூ.

"பாத்தியா? அவன் நிறுத்திட்டுப் போனதுக்கு அப்புறமும் கை சுத்திட்டுத்தான் இருந்திருக்கு. அதான் இப்படி வளைஞ்சு வளைஞ்சு சொட்டியிருக்கு. அப்புறம் சட்டுனு ஒரே இடத்துல நின்னிருக்கு. நின்ன இடத்துலயே கொட்டித் திட்டாயிடுச்சு."

"காத்து நின்னிருக்கலாமே டீச்சர்?"

"காத்து நின்னிருந்தா கிரேன் எப்படிடா விழும்?"

வால் தலையைச் சொறிந்தான். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் நடக்கும்.

"பையன் திறந்துதான் விட்டிருக்கான். அப்புறம் வேற யாரோ வந்து பூட்டியிருக்காங்க" என்றார் டீச்சர். வாத்தியார் கிழிந்த பாக்கெட்டைத் தடவிக்கொண்டார். சாவி ரிமோட்டிலேயே தொங்கியிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிட்டது. வாலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஷூ போனால் போகட்டும். ஒரு பையனைக் காப்பாற்றின ஷூ என்று அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டோர் ரூமில் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே ஒட்டடை உட்கார்ந்திருந்தான். முழங்கால் முகவாய்க்கு வந்தது. கம்பி போட்ட ஒரு ஜன்னல், அவ்வளவுதான் வெளிச்சம்.

"அக்கா சாப்பிட்டுச்சா?" இதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

எண்ணெய்க் கதையை வால்தான் சொன்னான். கையைக் காலை ஆட்டி, கிரேன் மாதிரியே சுற்றிக் காட்டிச் சொன்னான். ஒட்டடையின் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. "திறந்துதாங்க விட்டேன். தலையால அடிச்சுகிட்டு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. கண்ண மூடினா அந்தப் பிரேக்தான் வருது. ஒருவேள நான்தான் பூட்டிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"இங்க லாரி கிரேன் ஓட்டின ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"மாமா" என்றான் அவன் உடனே. அக்காவுக்கு நிச்சயமான நாளிலிருந்து சிக்னல்காரர் அவனுக்கு மாமாதான். "இந்தக் கம்பெனிக்கு வர்றதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா லாரி கிரேன்தான் ஓட்டினாரு. கண்ணு மங்கினதும் சிக்னலுக்கு வந்துட்டாரு. சிக்னல்காரங்களுக்கு வகுப்பு தனி. ஆனா மாமா ரிமோட்டத் தொட மாட்டாருங்க. ஓட்டறவன் வேலையில கை வெக்கக் கூடாதுன்னு எனக்கே சொல்லித் தந்தவரு. யாராவது ரொம்பக் கேட்டாலொழிய…"

அவன் முடிக்கவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு முகம் வந்தது. தையல்காரி. காலையிலிருந்து கேட்டில் கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் வாட்ச்மேன் மனசு இளகி விட்டிருக்கிறான். ஒரு சாப்பாட்டுத் தூக்கைக் கம்பி மேல் வைத்துப் பார்த்தாள். உள்ளே நுழையவில்லை.

"டீச்சர், நீங்களும் இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அஜாக்கிரதை அஜாக்கிரதைன்னாங்களே தவிர, என்னன்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. இப்பதான் வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு, தம்பி பிரேக்க சரியா வெக்கலயாம். அது பொய் டீச்சர். பிரேக் நல்லாப் பூட்டித்தான் இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

வால் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு சாப்பாடு கொண்டாந்தேன். தம்பி கை கழுவப் போயிருந்தான். பாத்தா அந்தக் கை தன்னால சுத்திட்டு இருக்கு, ஆளே இல்ல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவன் பூட்டாமப் போயிட்டான், வாத்தியார் வந்தா கண்டபடி திட்டுவாரேன்னு பயம். எனக்கு நிச்சயமானவரு கொட்டகையில இருந்தாரு. ஏங்க, கொஞ்சம் நிறுத்தி விடுங்களேன்னேன். நான் தொடக் கூடாதும்மான்னாரு. எனக்காகன்னு சொன்னேன். நான் கேட்டு அவரு எதத்தான் இல்லன்னிருக்காரு? சாவி பெட்டியிலயேதான் தொங்கிச்சு. ஒரு திருப்புத் திருப்பினாரு, என்னமோ அழுத்தினாரு, டக்குன்னு நின்னுச்சு. 'எங்க காலத்துல இப்படிப் பூட்டாம எறங்கினா மேஸ்திரி தோல உரிச்சுடுவாரு, இப்ப போதுமா'ன்னு சிரிச்சாரு. அதான் டீச்சர் அவரு எங்கிட்ட கடைசியா பேசினது."

அவளுக்குக் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"அதனால தம்பி மேல தப்பே இல்ல. அவன் மறந்திருந்தாலும் நாங்க பூட்டிட்டோம். நானே சாட்சி சொல்றேன். மேனேஜர் காலுல விழுந்தாவது சொல்றேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். பூதம் இப்படி ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்கும் என்று வால் எதிர்பார்க்கவில்லை. உண்மை மொத்தமும் கையில் வந்துவிட்டது. யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

முதலில் பேசியவன் ஒட்டடை. "அக்கா, நீ கேட்டுகிட்ட போயி நில்லு. இத நீயா யாருகிட்டயும் சொல்ல வேணாம். டீச்சர் எப்படிச் சொல்லணுமோ அப்படி சொல்லுவாங்க."

"மறக்காம சொல்லிடுவீங்களா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று வாலுக்கே விளங்கவில்லை. அவள் நம்பிக்கையோடு போனாள்.

அவள் கேட்டை அடைந்துவிட்டாள் என்று வால் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னான்.

"உங்க அக்கா பேர நான் எடுக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "சிக்னல்காரர் பழக்க தோஷத்துல தானாப் பூட்டிட்டார்னு சொல்றேன். செத்தவர் மேல யாரும் கேஸ் போடப் போறதில்ல. உன்ன விட்டுடுவாங்க."

"விட்டுடுவாங்க. வீட்டுக்குப் போவேன். என்னாச்சுடான்னு அக்கா கேக்கும். பூட்டினதாலதான் விழுந்துச்சுன்னு ஊரே பேசும். மாமா ஏன் பூட்டினாருன்னு ஊருக்குத் தெரியாம இருக்கலாம் டீச்சர். அதுக்குத் தெரியாதா?"

டீச்சர் ஒரு சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்தார்.

"கல்யாணத்துக்கு அது தனக்குன்னு ஒரு ரவிக்கை தெச்சுது. ஊருக்கெல்லாம் தெச்சுக் குடுத்த கை, தனக்குன்னு மொதல் தடவை தெச்சுது. மிஷின்லயே இருக்கு இன்னும். பூட்டினது தப்புன்னு தெரிஞ்சா அது உசுரோட இருக்காது. எனக்குத் தெரியும், நான் அது வளத்த பையன்."

"என்னைக்காவது ஒரு நாள் தெரியத்தான் போகுதுப்பா."

"அன்னைக்குத் தெரியட்டும். இன்னைக்கு வேணாம்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் டீச்சர்.

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லிக்கறேன்."

வால் ஏதாவது ஒரு வழி தோன்றுமா என்று மண்டையைக் குடைந்தான். எத்தனை பரீட்சையில் எத்தனை தில்லாலங்கடி செய்தவன். பிட்டைச் செருப்புக்குள் ஒளித்தவன். இந்தக் கணக்குக்கு அவனிடம் ஒரு பிட்டும் இல்லை.

மேனேஜர் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நல்ல மனிதர்தான், சீக்கிரம் முடிந்தால் தேவலை என்கிற ரகம். வகுப்பறையில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவரில் கிரேன் படம், அதில் பிரேக்கைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து எண்ணெய்ச் சொட்டைச் சொன்னார். பிறகு சாவிக் கட்டையைச் சொன்னார். மேனேஜர் வாத்தியார் பக்கம் திரும்ப, அவர் பேந்தப் பேந்த விழித்து, "ஒரு போன் வந்துச்சு சார். சாவி பெட்டியிலயே இருந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

இத்தோடு நின்றுவிடாதா என்று வால் வேண்டிக்கொண்டான். யாரோ பூட்டினார்கள், யாரென்று தெரியவில்லை, போங்கள் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும்.

"ரொம்ப சரி டீச்சர். பையன் திறந்து விட்டான், அப்புறம் பூட்டியிருக்கு. பூட்டினது யாரு?" என்றார் மேனேஜர். "அத நான் எழுதியாகணும். மனுஷன் செத்திருக்கான். ஆள் பேர் இல்லாம மேல போட்டா யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

டீச்சர் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் நின்றார். விடை தெரிந்தும் போர்டில் எழுதாமல் டீச்சர் நின்றதை வால் அதுவரை பார்த்ததே இல்லை.

"நான்தான் சார்."

எல்லோரும் திரும்பினார்கள். ஒட்டடை எழுந்து நின்றான். அந்தச் சின்ன அறையில் இன்னும் உயரமாகத் தெரிந்தான்.

"மொதல்ல திறந்துதான் விட்டேன். கை கழுவிட்டுத் திரும்பி வந்தப்ப அது சுத்தறதப் பாத்து பயமாயிடுச்சு. சாவி இருந்துச்சு. பூட்டிட்டேன். மாட்டிக்கிட்டதும் பொய் சொல்லிட்டேன்."

"மொதல் நாளே சொல்லித்தந்த பாடமாச்சே?"

"மறந்துட்டேன் சார்."

வாத்தியார் சடாரென்று நிமிர்ந்தார். அந்தப் பாடத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கிற பையன் அவன் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். சாவியை விட்டுப் போன மனிதர் எந்த வாயால் மறுப்பது? தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மேனேஜர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். "எண்ணெய், சாவி, எல்லாம் கச்சிதமா ஒத்துப்போகுது. நீங்க இல்லன்னா இவன் கடைசி வரைக்கும் இல்லவே இல்லன்னு சாதிச்சிருப்பான். ரொம்ப நன்றிங்க டீச்சர்."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். அவர் வாங்கிக் கையில் வைத்திருந்தாரே தவிர, குடிக்கவில்லை. அந்தப் பையன் அவர்கள் கண்டுபிடித்ததையே எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறான். தடுக்க ஒரு நாதியில்லை.

கேட்டில் ஜீப் நின்றது. தையல்காரி ஓடி வந்தாள். தம்பியின் கையைப் பிடித்திருந்த போலீஸ்காரரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "ஏன் கூட்டிட்டுப் போறாங்க? நான் சொன்னத சொல்லலயா?"

ஒட்டடை ஒரு நிமிஷம் அனுமதி கேட்க, போலீஸ்காரர் கையை விட்டுவிட்டு ஜீப்பருகே போனார். மேனேஜரும் மற்றவர்களும் தள்ளித்தான் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினான். பக்கத்தில் நின்ற வாலுக்கும் கேட்டது.

"சொன்னாங்கக்கா. நீ சொன்னது சரிதான். மாமா நல்லாத்தான் பூட்டினாரு. நீ போனதுக்கப்புறம் நான் வந்தேன். விளையாட்டா அதத் திறந்து விட்டுட்டேன். அதான் விழுந்துடுச்சு."

உள்ளே ஒரு பொய், வெளியே அதற்கு நேர் எதிராக இன்னொரு பொய். அவரவர் காதுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்துவிட்டான். நடுவில் இருந்த உண்மையைக் கேட்க ஆளில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடித்திருந்த அவன் சட்டைக் கையை மெதுவாக விட்டாள்.

"விளையாட்டாவா?"

"ஆமாக்கா."

"அவரு பூட்டி வெச்சத, நீ விளையாட்டாத் திறந்துட்ட."

"மாமாகிட்ட நான்…"

"மாமான்னு சொல்லாத." அவள் கத்தவில்லை. "அந்த வார்த்தைய இனிமே உன் வாயால சொல்லாத. என்ன அக்கான்னும் கூப்பிடாத."

அவன் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினான். நெடுநெடுவென்ற உடம்பை மடக்கி உள்ளே உட்கார்வதற்குச் சிரமப்பட்டான். ஜீப் கிளம்பியது. பின்பக்கத்துக் கம்பி வழியாக அவள் பக்கமே பார்த்துக்கொண்டு போனான். அவள் திரும்பி நின்றுகொண்டாள்.

"டீச்சர்" என்றாள், ஜீப் சத்தம் ஓய்ந்த பிறகு. "கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு உங்ககிட்டதான் வந்தேன். கண்டுபிடிச்சது இதுதானா?"

பொய் சொல்ல மாட்டேன் என்ற டீச்சர் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வாலைப் பார்த்தாள். யாராவது ஒருவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"ஆமாக்கா" என்றான் வால். ஆயுசில் எத்தனையோ பொய் சொன்னவன். இந்த ஒன்றுக்கு மட்டும் அவனால் எதிராளி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் தலையை அசைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். தெருவை நோக்கி இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"இதுக்கு எத்தன வருஷம் போடுவாங்க?"

"தெரியலக்கா."

"நெறைய போடச் சொல்லுங்க" என்றாள்.